ஃப்ரீடாஸில் நாஸ்ம் அசெம்பிளரை மூலநிரலிலிருந்து உருவாக்குவது: பெர்ல் இல்லை என்று மேக் நின்றுவிடுகிறது

கேள்வி

486 இயந்திரம், 16 எம்பி ரேம், ஃப்ரீடாஸ் (டாஸ் வகை இயக்க முறைமை). கம்பைலர் டிஜேஜிபிபி 2.05 (டாஸுக்கான சி கம்பைலர் தொகுப்பு). நாஸ்ம் (அசெம்பிளி நிரலை இயந்திர மொழியாக்கும் நிரல்) 2 வரிசையின் வெளியீட்டுத் தொகுப்பை வேறொரு கணினியில் பிரித்து, கோப்புகளை அப்படியே இதில் நகலெடுத்திருக்கிறேன். மூன்று இடத்தில் தடங்கல்:

ஒன்று, உருவாக்கத்துக்கு முன் கணினியைச் சோதித்து அமைப்புகளைத் தயார்செய்யும் கன்ஃபிகர் ஸ்கிரிப்ட் முதல் சில வரிகளிலேயே "கட்டளை இல்லை" என்று புலம்புகிறது. இரண்டு, அதைத் தாண்டினாலும் மேக் (உருவாக்கும் கட்டளைகளை வரிசையாக ஓட்டும் நிரல்) பெர்ல் என்ற ஸ்கிரிப்ட் மொழியைக் கூப்பிட்டு நிற்கிறது. வெளியீட்டுத் தொகுப்புக்குப் பெர்ல் தேவையில்லை என்றுதான் படித்தேன். மூன்று, கட்டளை அட்டவணை உள்ள சி கோப்பு வரும்போது கம்பைலர் செத்துவிடுகிறது. பெர்லை நிறுவாமல் முடிக்க வழி உண்டா?

பதில் 1

நீங்கள் படித்தது சரிதான். ஆனால் பெர்ல் ஏன் கூப்பிடப்படுகிறது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

நாஸ்மில் எந்தக் கட்டளைக்கு எந்த பைட்டுகள் என்ற விவரமெல்லாம் ஒரே தரவுக் கோப்பில் இருக்கிறது. அதைப் பெர்ல் ஸ்கிரிப்டுகள் படித்து சி அட்டவணைகளாக எழுதும். ரெஜிஸ்டர் பட்டியல், மேக்ரோ அட்டவணை, பதிப்பு எண் எல்லாம் இதே கதைதான். வெளியீட்டுத் தொகுப்பில் இந்த சி கோப்புகள் ஏற்கெனவே எழுதப்பட்டே வருகின்றன. ரெப்போவிலிருந்து (மூலநிரல் களஞ்சியம்) நேரடியாக எடுத்த நகலில் இருக்காது; அதற்குப் பெர்ல் கட்டாயம்.

மேக் பார்ப்பது கோப்பு நேரத்தை மட்டும். நகலெடுக்கும்போது தரவுக் கோப்பின் நேரம் சி கோப்பைவிடப் புதிதாகப் பதிந்துவிட்டால், "இது பழையது, மறுபடி எழுது" என்று பெர்லைத் தேடிப் போகும். ஃபேட் கோப்பு முறையில் நேரம் 2 வினாடிப் படிகளில்தான் பதியும் என்பதால் வரிசை இன்னும் குழம்பும்.

தீர்வு எளிது. டச் நிரலின் நேரம் குறிக்கும் விருப்பத்தைக் கொண்டு எல்லாக் கோப்புகளுக்கும் ஒரே நேரத்தை வையுங்கள். இரண்டின் நேரமும் சமமாக இருந்தால் மேக் அதைப் பழையதாக எடுத்துக்கொள்ளாது. இதைக் கன்ஃபிகருக்கு முன்பே செய்ய வேண்டும். நட்சத்திரக் குறியை விரிப்பது டிஜேஜிபிபி நிரலே, டாஸின் கட்டளை ஏற்பியான கமாண்ட்.காம் அல்ல. அதனால் கட்டளை வரியின் 126 எழுத்து வரம்பு இங்கே இடிக்காது. நட்சத்திரத்துக்கு முன்னால் மூன்று புள்ளியும் ஒரு சாய்கோடும் போட்டால் உள்ளடைவுகளுக்குள்ளும் போகும்.

பிறகு மேக்கை ஒத்திகை விருப்பத்தோடு ஓட்டிப் பாருங்கள். அது அச்சிடும் வரிகளில் பெர்ல் என்ற சொல் வரவே கூடாது. வந்தால் அந்தக் கோப்பு விட்டுப்போயிருக்கிறது.

பதில் 2

முதல் தடங்கலுக்கு: வரி முடிவுதான் காரணம். வழியில் எங்கோ வரிகள் டாஸ் வகையாக மாறியிருக்கு. ஸ்கிரிப்டை ஓட்டுற பாஷ் அந்தக் கூடுதல் எழுத்தையும் கட்டளையோட பெயரில் சேர்த்துப் படிக்கும், அதான் எந்தக் கட்டளையும் கிடைக்கலைன்னு சொல்லுது. டிஜேஜிபிபி கூடவே வர்ற டிடூயூ நிரலை (வரி முடிவை யூனிக்ஸ் வகையா மாத்தும்) கன்ஃபிகர் மேல ஓட்டுங்க. ஓட்டினா நேரம் மாறலாம், அதனால டச் வேலையை இதுக்கு அப்புறம் செய்யுங்க.

இன்னொன்னு, நீங்க கேட்கலை, ஆனா கண்டிப்பா வரும். எட்டு எழுத்துக்கு மேல உள்ள பெயர்கள். நீளமான பெயர்களை டாஸில் அனுமதிக்கிற டாஸ்எல்எஃப்என் ஏற்றி, எல்எஃப்என் சூழல் மாறியை ஒய் என்று வெச்சுட்டு அப்புறம் தொகுப்பைப் பிரிங்க. அது இல்லாம பிரிச்சா பெயர் வெட்டுப்படும், தலைப்புக் கோப்பு காணோம்னு கம்பைலர் நிக்கும். பிரிச்ச பிறகு ஏற்றினா பிரயோஜனமில்லை. ஜிஸிப் தொகுப்பையே இந்த இயந்திரத்துக்குக் கொண்டுவந்து டிஜேடார் வெச்சு இங்கேயே பிரிக்கிறது நல்லது.

பதில் 3

மூன்றாவது தடங்கல் இரண்டு வகையாக வரும். திரையில் என்ன வருகிறது என்று பாருங்கள்.

மெய்நிகர் நினைவகம் தீர்ந்தது என்றால், கோ32-வி2 நிரலை வெறுமனே ஓட்டுங்கள். டிபிஎம்ஐ (டாஸ் நிரல்களுக்குப் பெரிய நினைவகம் தரும் இடைமுகம்) நினைவகம், ஸ்வாப் இடம் இரண்டையும் காட்டும். ரேம் டிஸ்கும் பெரிய டிஸ்க் கேஷும் இருந்தால் எடுத்துவிடுங்கள். தற்காலிகக் கோப்பகத்தை ரேம் டிஸ்கில் வைக்கவே வேண்டாம், கம்பைலருக்குக் கிடைக்க வேண்டிய இடத்தை அது தின்றுவிடும். அந்த இடைமுகத்தைத் தரும் சிடபிள்யூஎஸ்டிபிஎம்ஐ நிரல் ஸ்வாப் கோப்பை எழுதுவதற்கு வட்டில் இடம் விடுங்கள்.

சிக்செக்வி (தவறான நினைவக அணுகல்) என்ற சிக்னலோடு வெளியேறினால் ஸ்டாக் (நிரல் ஓடும்போது தற்காலிக மதிப்புகளை வைக்கும் இடம்) போதவில்லை என்று முதலில் சந்தேகப்படுங்கள். டிஜேஜிபிபி நிரல்களுக்கு இயல்பாகக் கிடைப்பது 512 கேபி. ஸ்டப்எடிட் மூலம் கம்பைலரின் மையப் பகுதியான சிசி1 நிரலின் மின்ஸ்டாக் அளவை 2 எம்பி ஆக்குங்கள்.

இரண்டுக்கும் பொதுவாக: பிழைதிருத்தத் தகவல் சேர்க்கும் ஜி கொடியை எடுத்துவிடுங்கள், அட்டவணைக் கோப்புகளுக்கு ஆப்டிமைசேஷனை பூஜ்ஜியமாக்குங்கள். அவை வெறும் தரவு. நாஸ்மின் வேகம் இதனால் குறையாது.

8086, 386 நிரல்கள் மட்டும்தான் எழுதப்போகிறீர்கள் என்றால் 0.98.39 போதும் என்பது என் கருத்து. 64 பிட் ஆதரவு 2.00 பதிப்பில்தான் வந்தது. பழைய பதிப்பின் அட்டவணைகள் சிறியவை, சி99 கம்பைலரும் வேண்டாம்.

கேட்டவர்

டச், டிடூயூ, ஸ்டாக் மூன்றும் செய்ததும் 2 வரிசை முழுதாக உருவாகிவிட்டது. மிக்க நன்றி. ஒப்பிட்டுப் பார்க்க 0.98.39-ஐயும் உருவாக்கினேன். ஒரே நிரல் பழையதில் 8 பைட், புதியதில் 7 பைட் வருகிறது. ஒரு ஜம்ப், அது தாண்டும் ஒரு மூவ் ஏஎக்ஸ், பிறகு இன்ட் 20, அவ்வளவுதான். எது தவறு?

பதில் 1

இரண்டும் சரி. 2.09 முதல் பல சுற்று ஆப்டிமைசேஷன் இயல்பாகவே ஓடும். ஜம்ப் கிட்டத்தில் விழுவதால் 2 பைட் குறுகிய வடிவத்தைத் தானே தேர்ந்தெடுக்கிறது. பழையது நீங்கள் கேட்காதவரை 3 பைட் வடிவத்தையே போடும். புதியதை ஓ பூஜ்ஜியம் விருப்பத்தோடு ஓட்டினால் 8 வர வேண்டும். வந்தால் உங்கள் அட்டவணைகள் சேதமில்லாமல் வந்திருக்கின்றன என்பதற்கு அதுவும் ஓர் அடையாளம்.

கடைசியாக, ஸ்ட்ரிப் செய்து (ஓடத் தேவையில்லாத குறியீட்டுத் தகவலை நீக்கி) அளவைக் குறையுங்கள். வேறு இயந்திரத்துக்குக் கொண்டுபோனால் சிடபிள்யூஎஸ்டிபிஎம்ஐ கோப்பையும் அதே அடைவில் வையுங்கள்; இல்லையென்றால் டிபிஎம்ஐ இல்லை என்று சொல்லி ஏறவே ஏறாது.