வான் மீற்றரில் 720720

உப்புவெளி வான்காரன்:
விடியப்புறம் கொழும்புக்கு ஆள் ஏற்றிப் போகும்போது, கந்தளாய் தாண்டி மீற்றரைப் பார்த்தேன்: 720720. பழைய ஹயஸ், ஓடாத ஓட்டமில்லை. ஓரமாக நிறுத்திப் படமெடுத்து வீட்டுக்கு அனுப்பினேன். சாதாரண தரம் படிக்கும் மகள் உடனே பதில் போட்டாள்: "அப்பா, இது 7, 11, 13 மூன்றாலும் மீதியில்லாமல் வகுபடும்." போனில் தட்டிப் பார்த்தேன். 102960, 65520, 55440. சரிதான். ஆனால் அவள் வகுத்தே பார்க்கவில்லையாம்! பிறகு எனக்கும் விசர் பிடித்து, 1இலிருந்து ஒவ்வொன்றாகத் தட்டினேன். 16 வரை எல்லாம் சுத்தமாக வகுபடுகிறது. 17இல்தான் 5 மிஞ்சியது. மகளைக் கேட்டால் "யோசியுங்கோ" என்கிறாள். யாராவது விளக்குங்கோ.

தம்பலகாமம் ரீச்சர்:
மகள் கெட்டிக்காரி. 720 இரண்டு தரம் வந்ததைக் கவனித்திருக்கிறாள். மூன்று இலக்க எண்ணை அதன் பக்கத்திலேயே திரும்ப எழுதினால், அதை 1001ஆல் பெருக்கியது போலத்தான். 1001 என்பது 7 × 11 × 13. மீற்றரில் 358358 வந்திருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பாள். ஆனால் 16 வரை வகுபடுவது 720இன் வேலை; அது 16 × 9 × 5. இரண்டும் சேர்ந்ததில், 1 முதல் 16 வரையான எண்களின் பொ.ம.சி., அதாவது அவை எல்லாவற்றாலும் மீதியில்லாமல் வகுபடும் மிகச் சின்ன எண், உங்கள் மீற்றரில் வந்து நின்றுவிட்டது.

நிலாவெளிப் பெடியன்:
அண்ணை, அந்த இலக்கத்தில் ஒரு லொத்தர் எடுங்கோ 😄

கணக்குப் பைத்தியம்:
லொத்தரை விடுங்கோ, இந்த எண்ணே பெரிய பரிசு. இதற்குக் காரணிகள் 240. இதைவிடச் சின்ன எண் எதற்கும் அவ்வளவு கிடையாது. இந்த வகை எண்களைப் பற்றித்தான் ராமானுஜன் 1915இல் நீண்ட கட்டுரை எழுதினார். கையாலே பெரிய அட்டவணையும் போட்டார்; அதில் 293318625600 என்ற ஒன்று மட்டும் தவறிவிட்டது. அவருக்கே தவறும் என்பதில் எனக்கு ஒரு ஆறுதல். இன்னொன்று: 720720 மிகை எண். தன்னை விட்டுவிட்டு மற்றக் காரணிகளைக் கூட்டினால் 2529072, மூன்றரை மடங்குக்கும் மேல். ஆனால் அடுத்த கிலோமீற்றரைப் பார்த்தீர்களா? 720721 = 71 × 10151. இரண்டும் முதன்மை எண்கள். மொத்தமே நாலு காரணி!

உப்புவெளி வான்காரன்:
நன்றி ரீச்சர், நன்றி தம்பி. 240இலிருந்து நாலுக்கு, ஒரே கிலோமீற்றரில்! நான் எங்கே பார்த்தேன், அந்த நேரம் ரோட்டில் யானை நின்றது.