தினமும் 150 தண்டால் எடுத்தும் குத்தில் வேகம் இல்லை, தோளும் வலிக்கிறது: எங்கே பிழை?

லிந்துலை தம்பி:
வணக்கம். வயது 19, எடை 61 கிலோ. லிந்துலைப் பக்கம் தோட்டத்தில் இருக்கிறோம். குத்துச்சண்டைப் பயிற்சிக்குக் கிழமைக்கு இரண்டு நாள் ஹட்டன் போகிறேன். பஸ் காசுக்கு அதற்கு மேல் ஏலாது. மற்ற நாட்களில் வீட்டு இஸ்தோப்பிலேயே (முன் திண்ணை) தண்டால். ஆறு மாதத்துக்கு முன் 20க்கே மூச்சு வாங்கியது. இப்போது ஒரே மூச்சில் 55, ஒரு நாளைக்கு 150. கடைசியில் கைதட்டித் தண்டால் 20.

ஆனால் மூன்று மாதமாக நெஞ்சும் கையும் அப்படியே இருக்கின்றன. குத்து வாங்கும் பேட்டைப் பிடிக்கும்போது மாஸ்டர், "நீ தள்ளுகிறாய், அடிக்கவில்லை" என்கிறார். பத்து நாளாக இடது தோளின் முன்பக்கம் வலி வேறு. ஜேப் (முன்னால் இருக்கும் கையால் நேராகப் போடும் குத்து) போடும் கை அதுதான். 300 ஆக்கிப் பார்க்கவா, இல்லை விட்டுவிடவா?

மஸ்கெலியா:
நாங்கள் எல்லாம் 500 எடுத்தோம் தம்பி. வலியைப் பார்க்காமல் எண்ணிக்கையைக் கூட்டு, பழகிவிடும்.

பழைய கையுறை:
கூட்ட வேண்டாம். வலியோடு கூட்டினால் ஜேப் கையையே இழப்பாய். கொஞ்சம் விவரம் சொல்: கீழே இறங்கும்போது முழங்கை எந்தப் பக்கம் போகிறது? ஓய்வு நாள் உண்டா? பக்கவாட்டில் போனை வைத்து ஒரு வீடியோ எடுத்து, நீயே முதலில் பார்.

லிந்துலை தம்பி:
ஓய்வு நாள் இல்லை அண்ணா. வீடியோ பார்த்ததும் மனசு கஷ்டமாகிவிட்டது. முழங்கை இரண்டும் சிலுவை மாதிரி நேராக வெளியே போகிறது. 24 வரைதான் நெஞ்சு தரைக்குப் போகிறது. அதற்குப் பிறகு இடுப்பு தொங்கி, தலை மட்டும்தான் இறங்குகிறது. கைதட்டி விழும்போது கை நேராக நீட்டியபடி சீமெந்தில் "டப்" என்று அடிக்கிறது. காலையில் பனி விழுந்து தரை ஈரமாகவும் இருக்கும்.

பழைய கையுறை:
நேர்மையாகச் சொன்னதற்கு நன்றி. உன் பிழை அந்த வீடியோவிலேயே இருக்கிறது. 24தான் உன் உண்மையான கணக்கு.

சாதாரணத் தண்டாலில் கைக்கு வருவது உடல் எடையில் ஏறக்குறைய 64 சதவீதம். உனக்கு அது 39 கிலோ. அதே 39 கிலோவை ஆறு மாதம் தள்ளினால் உடம்பு தாக்குப்பிடிக்கப் பழகும். பலம் கூடாது, வேகமும் கூடாது. தசைக்குக் கூட எண்ணிக்கை முக்கியமில்லை, கடைசி இரண்டு மூன்று தண்டால் கஷ்டமாக இருக்க வேண்டும். அப்படியென்றால் பாரத்தைக் கூட்டு. காலை 60 சென்டிமீட்டர் உயரக் கதிரையில் வைத்தால் 74 சதவீதம், அதாவது 45 கிலோ கைக்கு வரும். அது லேசானதும் முதுகில் பை, பைக்குள் அரிசி. மூன்று செக்கன் எண்ணி இறங்கு, பட்டென்று எழு. 6 முதல் 10 வரை, நான்கு தடவை, நடுவில் இரண்டு மூன்று நிமிட ஓய்வு. முழங்கை உடலோடு 45 பாகையில் இருக்கட்டும். கிழமைக்கு மூன்று நாள் போதும்.

வெடித்து எழும் தண்டாலை, அதாவது உன் கைதட்டித் தண்டாலை, நீ களைத்த பிறகு செய்கிறாய். பெரும் பிழை அதுதான். களைத்த கை மெதுவாகத்தான் தள்ளும், அந்த மெதுவையே நீ தினமும் பழக்குகிறாய். உடம்பு சூடானதும் முதல் வேலையாக அதைச் செய். நான்கு தண்டால், நான்கு தடவை, இடையில் இரண்டு நிமிடம். உயரம் குறைந்ததும் நிறுத்து. வலி போகும்வரை தரையில் வேண்டாம். இஸ்தோப்புப் படியோ ஆடாத மேசையோ பார்த்து, கையை அதில் வைத்துத் தள்ளி எழும்பு. 60 சென்டிமீட்டர் உயரத்தில் கை வைத்தால் 41 சதவீதப் பாரம்தான். இறங்கும்போது முழங்கை மடிந்து, பூனை குதிப்பது போலச் சத்தமில்லாமல் இறங்க வேண்டும். கைதட்டல் அழகுக்குத்தான், தரையிலிருந்து கை கிளம்பினாலே போதும்.

இன்னொன்று, நீ தள்ளுகிறாய் என்று மாஸ்டர் சொன்னதைத் தண்டால் மட்டும் தீர்க்காது. குத்து பின்காலில் கிளம்பி இடுப்பில் திரும்பிக் கடைசியில்தான் கைக்கு வருகிறது. நீ கையால் மட்டும் அடிக்கிறாய் என்று நினைக்கிறேன். நமக்கு மலை இருக்கிறது. தோட்டப் பாதையின் செங்குத்தான இடத்தில் பத்து செக்கன் முழு வேகத்தில் ஏறு, நடந்து இறங்கு, ஆறு தடவை. ஜேப் போட்ட வேகத்தில் கை திரும்பி வரவும் வேண்டும். அதற்கு முதுகு வேண்டும். குனிந்து, அரிசிப் பையை இடுப்புக்கு இழு. தண்டால் எத்தனையோ அத்தனை இழுவை.

பண்டாரவளை அக்கா:
தம்பி, நான் பிசியோதெரபி வேலையில் இருக்கிறேன். முதல் இரண்டு கிழமை வலி தரும் எதையும் செய்ய வேண்டாம். அண்ணன் சொன்ன கதிரைத் தண்டாலும் அதில் அடங்கும், அது தோளுக்குக் கூடுதல் பாரம். அதுவரை சுவரில் கை வைத்துத் தண்டால் எடு. மேலே வந்ததும் கையை மடக்காமல், தோள்பட்டை எலும்புகள் இரண்டும் விலகும்படி இன்னும் ஒரு அங்குலம் தள்ளு. விலாப் பக்கத்தில் விரல் விரலாகத் தெரியுமே ஒரு தசை, அதற்கான பயிற்சி இது. குத்தும்போது தோள்பட்டையை முன்னே கொண்டுபோவது அந்தத் தசைதான். ஒரு தடவைக்கு 15, வலி இல்லாமல்.

மணிக்கட்டு நோகும் என்றால் மடித்த சாக்கின் மேல் முஷ்டியூன்றிச் செய். ஆட்காட்டி விரல், நடுவிரல் மூட்டில் பாரம் விழட்டும். காலைக் குளிரில் பத்து நிமிடமாவது உடம்பைச் சூடாக்கு. இரவில் வலித்து எழும்பினாலோ, கையைத் தூக்க ஏலாவிட்டாலோ, விரல் மரத்தாலோ ஆஸ்பத்திரியில் காட்டு, தள்ளிப்போடாதே.

என்ன சாப்பிடுகிறாய்? வெறும் ரொட்டியும் சம்பலும் என்றால் தசைக்கு எதுவும் மிஞ்சாது. கிலோவுக்கு 1.6 கிராம் புரதம் என்று வைத்தால் உனக்கு 98 கிராம் வேண்டும். முட்டை ஒன்றில் 6 கிராம்தான். காய்ந்த சோயாமீட்டில் பாதி புரதம், விலையும் தாங்கும். பருப்பு, கௌப்பி, நெத்தலி ஒவ்வொரு வேளையிலும் ஏதாவது ஒன்று இருக்கட்டும்.

லிந்துலை தம்பி:
ஆறு கிழமை முடிந்தது. மூன்றாம் கிழமையிலேயே வலி போய்விட்டது. பிறகுதான் கதிரைக்குப் போனேன். முதல் நாள் பை இல்லாமல் 9, இப்போது 5 கிலோ அரிசியோடு 8. நெஞ்சு தரைக்குப் போகும் சரியான தண்டால் 24 இருந்தது, நேற்று 36. 150 எடுக்காமலே கூடியிருக்கிறது. மாஸ்டர் பேட்டை மாற்றிப் பிடித்துக்கொண்டு, "இப்போது கை எரிகிறதுடா" என்றார். எடை 62. இனித் தரையில் கைதட்டலாமா அண்ணா?

பழைய கையுறை:
சந்தோஷம் தம்பி. இன்னும் மூன்று கிழமை பொறு. முதலில் ஒரு சாண் உயரத்துக்கு ஆடாத கட்டை, அப்புறம் தரை. தரை காய்ந்திருக்க வேண்டும்.

லிந்துலை தம்பி:
சரி அண்ணா. அப்பாவிடம் தேயிலைப் பெட்டிப் பலகை இரண்டு இருக்கிறது, அடுக்கி ஆணி அடித்துத் தரச் சொல்கிறேன்.