ஒரு சொல் வேண்டும், திங்கட்கிழமைக்குள்

மொழிபெயர்ப்பாளர்:
அன்பர்களே, வணக்கம். ஏழாம் வகுப்புத் துணைப்பாட நூல், திங்கள் காலை அச்சுக்குப் போகிறது. அதில் ஓர் ஒப்பீடு வருகிறது. கொலம்பியக் கடலில் 280 மீட்டருக்குக் கீழே வாழும் குறு விளக்குச் சுறா ஏறக்குறைய 20 செ.மீ. நீளந்தான். அதே நாட்டுக் காட்டில் பறக்கும் வெண்சூனியக்காரி அந்துப்பூச்சி இறக்கையை விரித்தால் 28 செ.மீ. வரை போகும். ஒரு முன்னிறக்கை நுனியிலிருந்து மற்றதன் நுனி வரையிலான இந்த அளவுக்கு என்ன போடலாம்? 'இறக்கை வீச்சு' சரியா?

புலவர்:
'சிறைவிரி' எனலாம்; சிறை என்றால் சிறகு. 'இறக்கை' என்றதும் இறகு நினைவுக்கு வரும். இறகு என்பது தூவி; பூச்சிக்கு ஏது தூவி? குறுந்தொகையின் தும்பிக்கே 'அஞ்சிறை'தான். அதை அகம்+சிறை என்று பிரிப்பாரும் உளர். நன்னூலாரோ 'அகம்' இப்படிக் குறுகுவதற்குச் செவி, கை என்ற இரு சொற்களைத்தான் சொன்னார். எனவே அம்+சிறை என்றே கொண்டு...

விலங்கியல் ஆசிரியை:
ஐயா, 'சிறைவிரி' என்றால் புழல் சிறையைப் பெரிதாக்குகிறார்கள் என்றுதான் என் பிள்ளைகள் நினைப்பார்கள். 'வீச்சு' இயற்பியல்காரர்கள் அலைக்கு எடுத்துக்கொண்டது. 'இறக்கை விரிவு' போதும். எனக்கு ஒப்பீட்டிலேயே குறை. சுறாவை மூக்கிலிருந்து வால்நுனி வரை அளக்கிறோம், பூச்சியைக் குறுக்கே அளக்கிறோம். பூச்சியின் உடம்பை மட்டும் அளந்தால் சுறாவின் பக்கத்திலேயே வராது. பதப்படுத்தும்போது முன்னிறக்கையை எவ்வளவு மேலே ஏற்றிக் குத்துகிறோம் என்பதற்கேற்ப அந்த 28-உம் மாறும்.

தூத்துக்குடி அன்பர்:
20 செ.மீ. சுறாவா! புட்டுக்கு எத்தனை வேணும்? அது வயிறு மினுங்குமாமே, 'மினுக்கிச் சுறா'ன்னு வைங்களேன்.

ஆசிரியை:
மினுங்குவது உண்மைதான் அண்ணாச்சி. மேலிருந்து வரும் மங்கல் வெளிச்சத்தோடு வயிற்றொளி கலந்துவிடும். கீழே இருப்பவற்றுக்கு நிழல் தெரியாது.

புலவர்:
'மினுக்கி' வழக்கில் வேறு பொருள் தரும். பள்ளி நூல் அம்மா.

மொழிபெயர்ப்பாளர்:
குழுவில் இதுவரை 'இறக்கை விரிவு'க்கு நால்வர், 'சிறைவிரி'க்குப் புலவர் ஒருவர். 'இறக்கை விரிவு' என்றே அனுப்புகிறேன்.

புலவர்:
என் மறுப்பு பதிவில் இருக்கட்டும். அடிக்குறிப்பிலாவது 'சிறைவிரி' வருமா?

மொழிபெயர்ப்பாளர்:
பக்கத்தில் இடமில்லை ஐயா.

தூத்துக்குடி அன்பர்:
அனுப்பிட்டீங்களா? அந்துன்னா அரிசியில வர்ற குட்டிப் பூச்சி. இவ்வளவு பெரிசுக்கு 'விட்டில்'தானே சரி?

ஆசிரியை:
எங்கள் பக்கம் விட்டில் என்றால் வெட்டுக்கிளி.