கூச்சமா, கவனக்குறைவா? யூ.கே.ஜி. மகளைப் பற்றி ஒரு சந்தேகம்

ஈரோட்டம்மா:

மகளுக்கு ஐந்தரை வயது, யூ.கே.ஜி. வீட்டில் வாய் ஓயாது. அம்மாயியிடம் சண்டை போட்டு ரிமோட்டைப் பிடுங்கும் ஆள். ஸ்கூலில் அப்படியே நேர் எதிர். போன வாரம் பேரண்ட்ஸ் மீட்டிங்கில் மிஸ் சொன்னார்: "கூப்பிட்டால் திரும்ப மாட்டேன் என்கிறாள். எழுதச் சொன்னால் பென்சிலைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருக்கிறாள். கான்சென்ட்ரேஷனே இல்லை. ஏ.டி.ஹெச்.டி. (கவனக்குறைவு, அதீதத் துறுதுறுப்புக் கோளாறு) மாதிரி ஏதாவது இருக்கிறதா என்று ஒரு தடவை காட்டிவிடுங்கள்."

எனக்குப் புரியாதது இதுதான். ராத்திரி படுக்கும்போது வகுப்பில் நடந்த அத்தனையும் சொல்கிறாள். யார் அழுதது, ஆயாம்மா யாரைத் திட்டினார், மிஸ் யாருடைய நோட்டை டப்பென்று மேஜையில் போட்டார், எல்லாம். போர்டில் என்ன எழுதிப் போட்டார்கள் என்று கேட்டால் மட்டும் தெரியாது. அதே பாடத்தை வீட்டில் உட்காரவைத்தால் பத்து நிமிடத்தில் எழுதி முடித்துவிடுகிறாள்.

கைக்குழந்தையாக இருந்தபோதே புது முகம் ஆகாது. கல்யாண வீட்டுக்குப் போனால் பந்தி முடிகிறவரை என் சேலைத் தலைப்புக்குள்தான். "நம்ம வீட்டில் எல்லாரும் அப்படித்தான்" என்கிறார் மாமியார். டான்ஸ் கிளாஸில் சேர்த்து ஆண்டு விழாவில் மேடை ஏற்றிவிட்டால் கூச்சம் ஓடிவிடும் என்கிறார் கணவர். யார் சொல்வதைக் கேட்பது?

தறிச்சத்தம்:

என் பையனும் இப்படித்தான் இருந்தான், இப்போது வாயை மூட முடியவில்லை. தானாகச் சரியாகிவிடும் அக்கா, ஆஸ்பத்திரி கீஸ்பத்திரி என்று அலையாதீர்கள்.

வைகைக்கரை:

மதுரையில் குழந்தைகளுக்கான உளவியல் ஆலோசகராக இருக்கிறேன். நேரில் பார்க்காமல் இன்னது என்று சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் எழுதியதிலேயே ஒரு துப்பு இருக்கிறது. ஏ.டி.ஹெச்.டி. என்றால் அது ஸ்கூலில் மட்டும் வந்து வீட்டு வாசலில் நின்றுவிடாது. ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் தெரிய வேண்டும் என்பது கண்டறிதல் விதியிலேயே உண்டு. உங்கள் மகளுக்குக் கவனம் இல்லை என்று எனக்குத் தோன்றவில்லை. இருக்கிற கவனம் முழுக்க வாட்ச்மேன் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது. யார் வருகிறார்கள், யார் குரலை உயர்த்துகிறார்கள், அடுத்து யாரைக் கேட்பார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தால் போர்டுக்கு என்ன மிஞ்சும்?

பிறவிக் கூச்சம் என்பது நிஜம். ஹார்வர்டில் உளவியலாளர் ஜெரோம் கேகன் நான்கு மாதக் குழந்தைகளின் முன்னால் புது பொம்மைகளை ஆட்டிக் காட்டி, புதுக் குரல்களைக் கேட்கவைத்துப் பார்த்தார். ஏறக்குறைய ஐந்தில் ஒரு குழந்தை கைகாலை உதறி அழுதது. பிற்பாடு புது ஆள், புது இடம் என்றால் பின்வாங்கியவர்களில் அந்தக் கூட்டம்தான் அதிகம். ஆகவே வளர்ப்புக் கோளாறு என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். அதே சமயம், கூச்ச சுபாவக் குழந்தைகள் எல்லாரும் பதற்ற நோய்க்குப் போவதில்லை.

யார் போகிறார்கள்? நேதன் ஃபாக்ஸ், கொராலி பெரஸ்-எட்கர் குழுவினர் அமெரிக்காவில் இதைத்தான் தேடினார்கள். திரையில் இரண்டு முகம், ஒன்று கோபமாக, ஒன்று சாதாரணமாக. அரை நொடியில் இரண்டும் மறையும். ஒன்று இருந்த இடத்தில் ஒரு குறி தோன்றும், குழந்தை பட்டனை அழுத்த வேண்டும். கோபமுகம் இருந்த பக்கம் குறி வந்தால் சீக்கிரம் அழுத்துகிறது என்றால் கவனம் ஏற்கெனவே அங்கே போயிருக்கிறது என்று அர்த்தம். 2011இல் வெளிவந்த ஆய்வில், இரண்டு மூன்று வயதில் கூச்சமாக இருந்து ஐந்து வயதிலும் ஒதுங்கியே இருந்தவர்கள், பெரும்பாலும் இப்படிக் கோபமுகத்தின் பக்கம் சாய்ந்த குழந்தைகள். சாய்வு இல்லாதவர்களிடம் அந்தத் தொடர்ச்சி தெரியவில்லை. ஆனால் ஒரு தனிக் குழந்தையை எடைபோடும் அளவுக்கு இந்தச் சோதனை நம்பகமானது இல்லை. இதை வைத்து டெஸ்ட், ஆப் என்று யாராவது விற்றால் காசைக் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று, நம் ஊரில் யாரும் கவனிக்காதது. கூச்ச சுபாவக் குழந்தைகளில் தன்னை அடக்கிக்கொள்ளும் திறன் அதிகமாக உள்ளவர்களுக்குத்தான் பதற்றம் கூடுகிறது. கவனத்தை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எளிதாக மாற்றத் தெரிந்தவர்களுக்குக் குறைகிறது. நாமோ "எவ்வளவு சமர்த்து, வைத்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறாள்" என்று அடக்கத்தைத்தான் மெச்சுகிறோம்.

செய்ய வேண்டியது. முதலில் காது பரிசோதனை. கூப்பிட்டால் திரும்பவில்லை என்றாலே அதைச் செய்துவிட வேண்டும். பிறகு, அவளுக்குப் பதிலாக நீங்கள் பதில் சொல்வதை நிறுத்துங்கள். "உன் பேர் என்ன?" என்று ஒருவர் கேட்டால் மனதுக்குள் ஐந்து வரை எண்ணிவிட்டுப் பேசாமல் இருங்கள். வரவில்லையா, "ஐஸ்கிரீம் பிடிக்குமா, மிட்டாயா?" என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துச் சொல்லும்படியான கேள்வியாக மாற்றுங்கள். ஆஸ்திரேலியாவில் ரொனால்ட் ரேப்பி குழு இப்படிப்பட்ட குழந்தைகளின் பெற்றோருக்கு ஆறே வகுப்பு எடுத்தது: பொத்திப் பொத்தி வைக்காதே, சின்னப் படியாக ஏற்று. ஓராண்டு கழித்து, வகுப்புக்கு வராத குடும்பங்களைவிட இவர்களின் குழந்தைகளிடம் பதற்றக் கோளாறு குறைவாக இருந்தது. மேடை சின்னப் படி இல்லை, அது மொட்டை மாடி. கணவரிடம் சொல்லுங்கள்.

ஸ்கூல் தொடங்கிய முதல் மாதத்தைக் கழித்துவிட்டு, அதன் பிறகும் மாதக்கணக்கில் அங்கே ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்றால் கண்டிப்பாகக் காட்டுங்கள். அது வெறும் கூச்சம் இல்லை, தானாகப் போய்விடும் என்று காத்திருக்கக் கூடாது. (தறிச்சத்தம் சகோ, உங்கள் பையன் விஷயத்தில் சந்தோஷம். எல்லாருக்கும் அப்படி அமைவதில்லை.) தனியாரிடம் போக வசதி இல்லை என்றால் அரசு ஆஸ்பத்திரிகளில் குழந்தைகளின் வளர்ச்சிச் சிக்கல்களைப் பார்க்கும் மாவட்ட ஆரம்பகட்ட இடையீட்டு மையம் (டி.இ.ஐ.சி.) இருக்கிறது. செலவு இல்லை.

சாக்பீஸ்:

ரிட்டயர்டு ஒன்றாம் வகுப்பு டீச்சர் நான். மேலே சொன்னது எல்லாம் சரி, ஒன்று மட்டும் சேர்க்கிறேன்: எங்கே உட்காரவைக்கிறார்கள் என்று கேளுங்கள். இந்த மாதிரிப் பிள்ளையை முதல் பெஞ்சில், கதவுக்கு முதுகு காட்டி உட்காரவைத்தால் திரும்பித் திரும்பித்தான் பார்க்கும். சுவரோரம், இரண்டாவது பெஞ்ச், கதவு கண்ணில் படுகிற மாதிரி, பக்கத்தில் பழகிய பிள்ளை ஒன்று. பேசும்போது முகத்துக்கு நேரே குனியாமல் பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு பேரும் நோட்டைப் பார்த்தபடி கேட்டால் மெதுவாகவாவது பதில் வரும். அட்டெண்டன்ஸுக்குக் கை தூக்கினாலே போதும் என்று விட்டுவிடுவேன். குரல் பின்னால் வரும்.

ஈரோட்டம்மா:

ரொம்ப நன்றி. காது நாளைக்கே பார்த்துவிடுகிறோம். வாரம் ஒரு வார்த்தையாவது பக்கத்துப் பிள்ளையிடம் பேசுகிறாள் என்று மிஸ் சொன்னார். மிஸ்ஸுக்கு நாற்பது பிள்ளைகள். நான் போய் அமெரிக்கா, ஹார்வர்டு என்று ஆரம்பித்தால் கடித்துவிடுவார். எப்படிக் கேட்பது?

வைகைக்கரை:

ஹார்வர்டு எல்லாம் வேண்டாம். டைரியில் இரண்டு வரி எழுதுங்கள்: "வீட்டில் இதே பாடத்தை எழுதுகிறாள், நோட்டை அனுப்பியிருக்கிறேன். இடத்தை மாற்றி, காலையில் நோட்டு அடுக்கும் வேலையைக் கொடுத்துப் பார்க்க முடியுமா?" கால் மணி நேரம் முன்னால் கொண்டுபோய் விடுங்கள், மிஸ் தனியாக இருக்கும்போது. ஆண்டு விழாவுக்குக் கடைசி வரிசை கேளுங்கள், அதுவும் அவள் வருகிறேன் என்றால்.