மொபைல் ஹோம் பார்க் அமைப்பதை நகர்மன்றம் எந்த அளவுக்குக் கட்டுப்படுத்தலாம்?

வடகரை எழுதியது:

வணக்கம். அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் ஒரு சிறு நகரில் 11 ஆண்டுகளாக வசிக்கிறேன். சென்ற ஆண்டு இந்நகரின் திட்டக் குழுவில் என்னை உறுப்பினராக நியமித்தார்கள். தொழிலால் நான் மருந்தாளுநர். எந்த நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று வகுக்கும் சோனிங் விதிகளைப் படிக்கத் தொடங்கியதே அதன் பிறகுதான். அடுத்த மாதம் எங்கள் குழு பரிந்துரை செய்ய வேண்டிய ஒரு வரைவு என் மனத்தை அரித்துக்கொண்டிருக்கிறது. ஆலையில் கட்டிக் கொண்டுவரப்படும் வீட்டைச் சொந்தமாக வைத்துக்கொண்டு, மனையை மட்டும் வாடகைக்கு எடுத்துப் பலர் வாழும் குடியிருப்பான மொபைல் ஹோம் பார்க்கைப் பற்றியது அது.

புதிய மொபைல் ஹோம் பார்க் எதுவும் 25 ஏக்கருக்குக் குறையாத நிலத்தில், நகர்மன்றத்தின் சிறப்பு அனுமதியுடன் மட்டுமே அமையலாம் என்கிறது வரைவின் முதற்பகுதி. அங்கே வைக்கப்படும் வீடுகளின் கூரையும் சுவரும் நகரின் சொந்தக் கட்டட விதிப்படி இருக்க வேண்டும் என்பது அடுத்தது. மூன்றாவதுதான் என்னை மிகவும் கலங்க வைக்கிறது. சோனிங் விதி வருவதற்கு முன்பிருந்தே இயங்கிவரும் பழைய பார்க்கில் ஒரு மனை 6 மாதம் காலியாகக் கிடந்தால், அந்த மனையில் மறுபடி வீடு வைக்கும் உரிமை போய்விடும் என்கிறார்கள்.

பொது விசாரணையில் பேசிய பலரும் சாக்கடை, சாலை, பள்ளி என்று தொடங்கினாலும், சற்று நேரத்தில் "அந்த மாதிரிக் குடும்பங்கள்" என்ற சொல்லில் வந்து நின்றார்கள். அந்தப் பழைய பார்க்கில் இருக்கும் முதியவர்களில் பலர் எங்கள் மருந்துக்கடைக்கு மாதந்தோறும் வருபவர்கள். நகரம் எதைக் கட்டுப்படுத்தலாம், எது அதன் அதிகாரத்துக்கு அப்பாற்பட்டது என்பதை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

கோட்டுவரை எழுதியது:

வணக்கம் அம்மா. நான் அண்டை மாநிலமொன்றில் ஒரு கவுன்டியின், அதாவது மாவட்டம் போன்ற உள்ளாட்சிப் பிரிவின், திட்ட அலுவலகத்தில் பணிபுரிகிறேன். வழக்கறிஞன் அல்லேன் என்பதால், நான் எழுதுவதை உங்கள் நகரின் சட்ட ஆலோசகரிடம் ஒரு முறை உறுதி செய்துகொள்ளுங்கள்.

வரைவின் இரண்டாம் பகுதியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் அதில் ஐயத்துக்கு இடம் குறைவு. ஆலையில் கட்டி, எஃகுச் சட்டகத்தின் மேல் சாலை வழியே கொண்டுவரப்படும் இவ்வகை வீடுகளுக்கான கட்டுமானத் தரத்தை வகுக்கும் பொறுப்பை 1974-ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் வீட்டுவசதித் துறையிடம், அதாவது ஹட் என்று எல்லோரும் அழைக்கும் துறையிடம், ஒப்படைத்தது. அந்தத் தரவிதி 1976 ஜூன் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன்பின் ஆலையிலிருந்து வெளிவரும் வீட்டின் ஒவ்வொரு பகுதியின் வெளிச்சுவரிலும் ஒரு சிறிய சிவப்பு உலோகத் தகடு பதிக்கப்பட்டிருக்கும்; அடுத்த முறை அந்தப் பார்க்கின் வழியே செல்லும்போது பாருங்கள். அந்தத் தகடு உள்ள வீட்டுக்கு, ஹட் தரவிதி ஏற்கெனவே கையாளும் ஒரு கூறில் அதற்கு மாறான கட்டுமானத் தரத்தை மாநிலமோ நகரமோ விதிக்க முடியாது. ஆண்ட்ரூ புயல் 1992-இல் ஃபுளோரிடாவைச் சூறையாடிய பிறகு, காற்றைத் தாங்கும் தரம் 1994-இல் உயர்த்தப்பட்டதும் ஹட் வழியாகத்தான். ஊருக்கு ஊர் விதி எழுதி அது நடக்கவில்லை. ஆகவே உங்கள் நகரின் கூரை விதி வழக்கு மன்றத்தில் நிற்பது கடினம்.

வீடு கூட்டாட்சியின் கையில் இருந்தாலும் நிலம் உள்ளூரின் கையில்தான் இருக்கிறது. 1926-ஆம் ஆண்டின் யூக்ளிட் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சோனிங் அதிகாரத்தை ஏற்றுக்கொண்டது. யூக்ளிட் உங்கள் ஓஹையோவின் ஊர்தான். உட்சாலையின் அகலம், தீயணைப்பு வண்டி திரும்ப இடம், வீடுகளுக்கு இடையிலான தூரம், மழைநீர் வடிகால், கழிவுநீர் இணைப்பு, எல்லையோர மரவரிசை ஆகியவற்றை வரையறுப்பது பொதுவாக உள்ளூர் அதிகாரத்துக்குள் அடங்கும். இவற்றில் சிலவற்றை உங்கள் மாநில விதிகளே வகுத்திருக்கக்கூடும் என்பதால் அதையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

25 ஏக்கர் என்பதில்தான் எனக்கு மனம் ஒப்பவில்லை. உங்கள் நகர எல்லைக்குள் அந்த அளவில் ஒரே துண்டாக, கழிவுநீர்க் குழாய் எட்டக்கூடிய நிலம் எத்தனை இருக்கிறது என்று வரைபடத்தை விரித்து எண்ணிப் பாருங்கள். விடை பூச்சியம் என்றால், தடை என்ற சொல்லை எழுதாமலேயே தடை விதித்திருக்கிறீர்கள். நியூ ஜெர்சியின் மவுண்ட் லாரல் நகரியத்தின் விதிகள் மொபைல் ஹோம்களுக்கும், ஏறத்தாழ எல்லா அடுக்ககங்களுக்கும் இடமில்லாதபடி எழுதப்பட்டிருந்தன. 1975-இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் அவற்றை ஏற்க மறுத்து, குறைந்த வருவாயினரின் வீட்டுத் தேவையில் தனக்குரிய நியாயமான பங்கை ஒரு நகரியம் ஏற்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு ஓஹையோவைக் கட்டுப்படுத்தாது. ஆனால் அதன் வாதத்தைக் குழுவில் எடுத்துரைக்க உங்களுக்குத் தடையில்லை.

வெண்தாள் எழுதியது:

உங்கள் மூன்றாம் பகுதிக்கு ஓஹையோவிலேயே நேரடியான தீர்ப்பு இருக்கிறது. மெடினா கவுன்டியில் உள்ள லோடி என்ற ஊர் ஏறத்தாழ இதே சொற்களில் ஒரு விதி வைத்திருந்தது. புதிய சோனிங்குக்குப் பொருந்தாத பழைய பார்க்கில் ஒரு வீடு அகற்றப்பட்டால், அந்த நாள் முதலே அந்த மனையின் பயன்பாடு நின்றுவிட்டதாகக் கொள்ளப்படும்; 6 மாதம் கடந்தால் உரிமை அற்றுப்போகும். பார்க் உரிமையாளர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2015-இல் ஓஹையோ உச்ச நீதிமன்றம், குடியிருந்தவர் வெளியேறியதை நில உரிமையாளரே பயன்பாட்டைக் கைவிட்டதாக ஏற்றிச் சொல்லும் அந்த வாசகம் அரசியலமைப்புக்கு முரணானது என்று நீக்கியது. உங்கள் வரைவை எழுதியவர் இந்தத் தீர்ப்பைப் படித்திருக்க வாய்ப்பில்லை என்றே நினைக்கிறேன்.

இந்த விதியால் பார்க் உரிமையாளரைவிடக் குடியிருப்பவரே அதிகம் இழக்கிறார். வீடு அவருடையது, மண் வேறொருவருடையது. கலிஃபோர்னியாவின் எஸ்கான்டிடோ நகரம் தொடர்பான 1992-ஆம் ஆண்டு வழக்கில், வாடகைக் கட்டுப்பாட்டு விதி நிலத்தைப் பறிப்பதாகாது என்று தீர்ப்பளித்த அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஒரு முறை வைக்கப்பட்ட மொபைல் ஹோம்களில் நூற்றில் ஒன்றே பின்னர் இடம்பெயர்கிறது என்று குறிப்பிட்டது. மனை ஒவ்வொன்றாகக் காலியாகி மீண்டும் நிரம்பாமல் போனால் உரிமையாளரின் வருமானம் சுருங்கும். கடைசியில் அவர் நிலத்தை விற்பார். எஞ்சியிருக்கும் உங்கள் முதியவர்கள் நகர்த்த முடியாத வீட்டை வைத்துக்கொண்டு எங்கே போவார்கள்?

நகரம் மனம் வைத்தால் இதற்கு நேர்மாறாகவும் செய்யலாம். வாஷிங்டன் மாநிலத்தின் டம்வாட்டர் நகரம், இருக்கின்ற பார்க்குகள் பார்க்குகளாகவே நீடிக்கும்படி அவற்றுக்கெனத் தனிச் சோனிங் வகுப்பை உருவாக்கியது. உரிமையாளர்கள் தொடுத்த வழக்கில் 2012-இல் ஒன்பதாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் நகரத்தின் பக்கம் நின்றது. ஃபுளோரிடாவிலோ, ஒரு நிலத்தின் சோனிங்கை மாற்றுவதால் குடியிருப்போர் வெளியேற நேரும் என்றால், அவர்கள் செல்லப் போதிய இடம் உண்டா என்று தீர்மானிக்காமல் எந்த உள்ளாட்சியும் ஒப்புதல் தரக்கூடாது என்பது மாநிலச் சட்டம்.

ஏரிப்புறம் எழுதியது:

இங்கே மாற்றுக் கருத்தையும் ஒருவர் சொல்ல வேண்டும். நான் முன்பு வாழ்ந்த ஊரில் இப்படி ஒரு பார்க்கை ஒட்டி எங்கள் வீடு இருந்தது. பார்க்குக்குச் சொந்தமாக ஒரே கிணறு. கோடைதோறும் நீர் கலங்கலாக வந்தது, இரண்டு முறை காய்ச்சிக் குடிக்கச் சொல்லி அறிவிப்பு ஒட்டினார்கள். அங்கிருந்த குழந்தைகள் எங்கள் வீட்டுக்கு வந்து தண்ணீர் பிடித்துச் சென்றதை நான் மறக்கவில்லை. கட்டுப்பாடு வேண்டும் என்று கேட்பவர்கள் எல்லோரும் ஏழைகளை வெறுப்பவர்கள் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். தொடக்கத்திலேயே நகரம் கண்டிப்பாக இருந்திருந்தால் அந்தக் குடும்பங்களுக்கு அந்த நிலை வந்திருக்காது.

கோட்டுவரை எழுதியது:

ஏரிப்புறம் சொல்வதை முழுமையாக ஏற்கிறேன். கண்டிப்பு இருக்க வேண்டிய இடம் அதுதான். 15 இணைப்புகளுக்கோ, ஆண்டில் 60 நாளாவது 25 பேருக்கோ குடிநீர் தரும் எந்த அமைப்பும் கூட்டாட்சிச் சட்டப்படி பொதுக் குடிநீர் அமைப்பாகக் கருதப்படும். நடுத்தர அளவுள்ள பார்க் எதுவாயினும் இந்த வரம்புக்குள் வந்துவிடும், ஆனால் அதை நடத்துபவருக்குப் பெரும்பாலும் நீரியல் அனுபவம் இருப்பதில்லை. புதிய பார்க்குக்கு நகரக் குழாயில் இணைப்புப் பெறுவதை அனுமதியின் நிபந்தனையாக்கினால், 25 ஏக்கர் விதி தராத பாதுகாப்பை அது தரும்.

வெள்ள வரைபடத்தையும் மறவாதீர்கள். தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தின் விதிகள், வெள்ள மட்டம் கணக்கிடப்பட்ட அபாயப் பகுதியில் அமையும் புதிய பார்க்கில் வீட்டுத் தளத்தை அந்த மட்டத்துக்கு உயர்த்தச் சொல்கின்றன. பழைய பார்க்கில் வீட்டை மாற்றி வைக்கும்போது, 36 அங்குல உயரமுள்ள உறுதியான தூண்கள் இருந்தாலே பொதுவாகப் போதும் என்கின்றன. இந்த இடைவெளியால் பாதிக்கப்படுபவர்கள் பழைய பார்க்கில் இருப்பவர்களே. வெள்ளத்துக்கான குறைந்தபட்ச விதியைவிடக் கூடுதலாகக் கேட்க உள்ளூருக்கு அதிகாரம் உண்டு, ஆனால் அந்தச் செலவை ஒரு முதியவரின் தலையில் மட்டும் சுமத்திவிடாமல் மானியத்துக்கும் வழி தேடுங்கள்.

வடகரை எழுதியது:

மூவருக்கும் நன்றி. நேற்று மாலை நிலவரி வரைபடத்தை வைத்துக்கொண்டு எண்ணிப் பார்த்தேன். கழிவுநீர்க் குழாய் எட்டும் தூரத்தில் 25 ஏக்கருக்கு மேல் ஒரே துண்டாக இருப்பவை இரண்டு. ஒன்று கல்லறைத் தோட்டம், மற்றொன்று பள்ளியின் விளையாட்டுத் திடல். இந்த வரைபடத்தையும் லோடி தீர்ப்பின் படியையும் குழுவின் அடுத்த அமர்வுக்கு எடுத்துச் செல்கிறேன். கூரை விதியை நீக்கவும், ஏக்கர் அளவுக்குப் பதிலாக நகரக் குடிநீர், கழிவுநீர் இணைப்பை நிபந்தனையாக்கவும் திருத்தம் முன்மொழிவேன். பழைய பார்க்கின் ஒரு மூலை ஓடைக்கரையில் இருப்பதால், அங்கே எத்தனை வீடுகள் வெள்ளப் பகுதிக்குள் வருகின்றன என்று நகரப் பொறியாளரிடம் கேட்டிருக்கிறேன். டம்வாட்டரைப் போன்ற தனிச் சோனிங் வகுப்புக்கு இந்த ஆண்டே ஆதரவு கிடைக்குமா என்று தெரியவில்லை. அந்த விதியின் வாசகம் யாரிடமாவது இருந்தால் இங்கே பகிருங்கள்.