நடப்பெண் மறுப்பு: வெளிநடப்பிலிருந்து பிரித்துக்காட்ட ஒரு சொல்

அன்புள்ள குழுமத்தினருக்கு வணக்கம்.

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நாங்கள் தொகுத்துவரும் நாடாளுமன்றச் சொற்பட்டியலில் 'வெளிநடப்பு' என்ற ஒரு சொல்லின்கீழ் இரு வேறு செயல்கள் வந்து சேர்ந்திருக்கின்றன. ஒன்று, எதிர்ப்பைக் காட்ட அவையிலிருந்து எழுந்து செல்வது. மற்றது, அவை நடக்கத் தேவையான குறைந்தபட்ச உறுப்பினர் எண்ணிக்கை, அதாவது நடப்பெண் (quorum), கிடைக்காதபடி வராமலிருப்பது. இரண்டாவதற்கு 'அவைமுடக்கம்' என்று முந்தைய மடலில் குழும அன்பர் ஒருவர் முன்மொழிந்திருந்தார். அதற்கு மாற்றாக 'நடப்பெண் மறுப்பு' என்பதை முன்வைக்கிறேன்.

2015 பிப்ரவரி 12 அன்று கேப் டவுனில் அதிபர் ஜேக்கப் ஜூமா உரையாற்றிய கூட்டத்திலிருந்து ஒரு கட்சியின் உறுப்பினர்களைக் காவலர்கள் வலுக்கட்டாயமாக அப்புறப்படுத்தியபோது, அவைக்குள் காவல்துறை நுழைந்ததைக் கண்டித்து மற்றோர் எதிர்க்கட்சியான ஜனநாயகக் கூட்டணியினர் எழுந்து சென்றனர். அதிபரோ உரையைத் தொடர்ந்து படித்து முடித்தார். இது வெளிநடப்பு. எதிர்ப்பு பதிவாகிறது, அவை நடக்கிறது.

அமெரிக்காவின் ஆரெகன் மாநிலத்தில் நடப்பது வேறு. அங்கே மேலவையின் 30 உறுப்பினர்களில் 20 பேர் அவையில் இருந்தால்தான் அலுவல் நடக்கும் என்று மாநில அரசமைப்பு சொல்வதால், சிறுபான்மைக் கட்சியின் 11 பேர் வராமலிருந்தாலே எந்த மசோதாவும் நகராது. தமிழ்நாட்டில் இதற்கு இடமில்லை. இந்திய அரசமைப்பின் 189ஆம் பிரிவு கேட்பது பத்தில் ஒரு பங்கைத்தான்; 234 பேர் கொண்ட பேரவையில் 24 பேர் போதும், ஆளுங்கட்சியே அதை நிரப்பிவிடும். 'வெளிநடப்பு' அந்தச் சூழலில் வேரூன்றிய சொல் என்பதால்தான் ஆரெகன் செய்தியைப் படிக்கும் தமிழருக்கு அது பாதிச் செய்தியையே தருகிறது.

'அவைமுடக்கம்' என்பதில் எனக்கு இரண்டு தடைகள் உண்டு. கூச்சலாலும் அமளியாலும் அவை முடங்கியது என்று நாளேடுகள் அன்றாடம் எழுதுவதால் அச்சொல் ஏற்கெனவே வேறொன்றுக்கு உரியதாகிவிட்டது. அதைவிட முக்கியமானது, அது ஆளும் தரப்பின் குற்றச்சாட்டை அப்படியே சொல்லாக்குகிறது. மற்றொரு நண்பர் கூறிய 'ஒத்துழையாமை' எதிர்த்திசையில் சாய்கிறது. காந்தியடிகள் போராடிய இம்மண்ணில் அச்சொல்லுக்கு உள்ள அறப்பெருமையை ஒரு கட்சியின் உத்திக்கு நாம் வழங்கலாகாது. ஆரெகனில் 2001இல் ஜனநாயகக் கட்சியினரும், 2019, 2020, 2023 ஆண்டுகளில் குடியரசுக் கட்சியினரும் இதையே செய்தார்கள். யார் செய்தாலும் மாறாத பெயர்தான் கலைச்சொல்லாகும்.

சொல் பிசகினால் என்ன ஆகும் என்பதற்கும் ஆரெகனே சான்று. பத்து முறை தக்க காரணமின்றி வராதவர் ஒரு பதவிக்காலத்துக்குப் பதவி வகிக்க முடியாது என்ற அரசமைப்புத் திருத்தத்தை வாக்காளர்கள் 2022இல் நிறைவேற்றினர். தடை எப்போது தொடங்கும் என்பதை அதன் வாசகம் 'நடப்புப் பதவிக்காலம் முடிந்த பின்வரும் தேர்தலுக்கு அடுத்த பதவிக்காலம்' என்னும் பொருள்பட அமைத்திருந்தது. தேர்தல் நவம்பரிலும் பதவிக்காலத்தின் முடிவு ஜனவரியிலும் வருவதால், தடை உடனடியாகத் தொடங்காது, ஒரு பதவிக்காலம் தள்ளியே தொடங்கும் என்று மேலவை உறுப்பினர்கள் வாதிட்டனர். வாசகம் இருபொருள்பட நிற்பதை ஏற்ற மாநில உச்ச நீதிமன்றம், வாக்காளர்களுக்கு என்ன சொல்லப்பட்டது என்பதைக் கொண்டு பொருள் கண்டு, 2024 பிப்ரவரி 1 அன்று தடையை உறுதிசெய்தது.

இனி சொல்லமைப்பு. நடப்பெண் என்ற பொருளில் தமிழ்நாட்டில் வழங்கும் 'குறைவெண்' செறிவான சொல்தான். ஆனால் 'குறைவெண் மறுப்பு' என்றால் எண் குறைவதை மறுப்பதாகத் தோன்றும். இலங்கை நாடாளுமன்றத் தமிழில் வழங்கும் 'கூட்ட நடப்பெண்' பொருளை நேராகத் தருகிறது. ஆங்கிலச் சொல்லைக் 'கோரம்' என்று ஒலிபெயர்த்தால் கொடூரமென்றே படிக்கப்படும். 'நடப்பெண் முறிப்பு' ஓசையில் நன்று. எனினும் முறிப்பு என்பது பழிச்சொல். எழுந்து போனாலும், முதலிலேயே வராமல் இருந்தாலும், மாநில எல்லை கடந்து தங்கினாலும் 'மறுப்பு' பொருந்தும்.

நமக்கும் இது தொலைதூரச் செய்தியன்று. தென்னாப்பிரிக்க அரசமைப்பின் 53ஆம் பிரிவுப்படி மசோதாவை வாக்கெடுப்புக்கு விட, தேசியப் பேரவையின் உறுப்பினர்களில் பாதிக்கு மேற்பட்டோர் அவையில் இருக்க வேண்டும். மற்றவற்றுக்கு மூன்றில் ஒரு பங்கு போதும். 400 இடங்களில் 159 மட்டுமே பெற்ற ஆப்பிரிக்க தேசிய காங்கிரசால் இன்று தனித்து 201 பேரைக் காட்ட இயலாது. 2024 ஜூன் 14 அன்று ஜூமா தலைமையிலான எம்.கே. கட்சியின் 58 பேர் வராதபோதும் அதிபர் தேர்வு நடந்தது. அதைப் 'புறக்கணிப்பு' என்றே பதியலாம். கூட்டணிக் கட்சி ஒன்று மசோதா நாளில் வராமல் எண்ணிக்கையைக் குறைத்தால், அதுவே நடப்பெண் மறுப்பு.

மாற்றுக் கருத்துகளை எழுதுங்கள். 'மறுப்பு' என்பதற்குப் பதிலாக நடுநிலை குன்றாத வேறு வினைப்பெயர் யாருக்கேனும் தோன்றினால் பட்டியலில் அதையே ஏற்றுவேன்.