ஆறு பக்கத்தில் இல்லை, ஆனால் வீட்டுக்குப் பின்னால் வெட்டின மேடு: என்ன செய்யலாம்?

சேட்ஸ்வொர்த்_மகள்:
வணக்கம். தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கம் சேட்ஸ்வொர்த்தில், சரிவில் கட்டின வீடு எங்களுடையது. ஆறு தூரம், வெள்ளம் நமக்கு வராது என்கிறார் அப்பா. ஆனால் பின்பக்கம் மேட்டை வெட்டின இடத்தில் போன மழைக்குக் கொஞ்சம் மண் சரிந்தது, அதிலிருந்து மழை பெய்தாலே எனக்குத் தூக்கமில்லை. பாட்டியால் வேகமாக நடக்கவும் முடியாது. எதைக் கவனிக்க வேண்டும், எப்போது கிளம்ப வேண்டும்?

மேட்டுத்தெரு_அண்ணன்:
தங்கச்சி, உங்கள் பயம் நியாயமானது. 2022 ஏப்ரல் 11, 12இல் டர்பன் பக்கம் சில இடங்களில் ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது, 400க்கும் அதிகமானோர் இறந்தார்கள், மேடு சரிந்து வீட்டோடு புதைந்தவர்களும் அதில் உண்டு. இங்கே பல மேடுகள் சிவப்பு மணல், காய்ந்திருக்கும்போது செங்குத்தாக நிற்கும், நன்றாக ஊறிவிட்டால் பிடிப்பே போய்விடும். அதனால் கூரைத் தண்ணீரை மேட்டுப் பக்கம் விடாமல் குழாய் வைத்து மழைநீர் வடிகாலுக்குக் கொண்டுபோங்கள் (சாக்கடைக் குழாயில் சேர்த்துவிடாதீர்கள், பொங்கி வீட்டுக்குள் வரும்). தடுப்புச் சுவர் இருந்தால் நீர் வடியும் ஓட்டைகள் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். மேட்டில் புது வெடிப்பு, வேலியோ மரமோ சாய்வது, கதவு திடீரென்று இறுகுவது, எது கண்டாலும் உடனே வெளியே வந்துவிடுங்கள்.

வெருலம்_தாத்தா:
அப்பாவிடம் இதையும் சொல்லம்மா. 1917 அக்டோபரில் உம்கேனி ஆறு பெருகி, டர்பன் ஸ்பிரிங்ஃபீல்டு தாழ்நிலத்தில் காய்கறி போட்ட நம் சனம் நூற்றுக்கணக்கில் செத்துப்போனது. படவட்டன் அறுவர் என்று இன்றும் சொல்கிறோமே, அந்த மீனவர்கள் படகில் போய் 176 பேரைக் கரை சேர்த்தார்கள். அப்புறமும் அதே தாழ்நிலத்தில் தகரக் கொட்டகைகளில் ஆட்கள் குடியிருந்தார்கள், 1976இல் மறுபடி வெள்ளம் வந்த பிறகுதான் டர்பனுக்கு வடக்கே இருக்கிற ஃபீனிக்ஸுக்கு மாற்றினார்கள். ஏழைக்குக் கிடைத்த நிலம் தண்ணீர் வரும் பள்ளம் அல்லது மண் சரியும் மேடு, எனக்கு இதில் இன்னும் கோபம் உண்டு.

தொங்காட்_அக்கா:
வானிலைச் சேவை ஆரஞ்சு எச்சரிக்கை விட்டால் இருட்டுவதற்கு முன்பே பாட்டியை வேறு வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள், 2022இல் பெரிய மழை இரவில்தான் வந்தது. மாத்திரை, அடையாள அட்டை, டார்ச் ஒரே பையில் இருக்கட்டும். குடிதண்ணீரும் பிடித்து வையுங்கள், அப்போது சுத்திகரிப்பு நிலையம் உடைந்து எங்கள் ஊரில் மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் இல்லை. ஓடும் தண்ணீர் 30 சென்டிமீட்டர் இருந்தாலே சின்னக் கார் மிதந்துவிடும், பாலத்தின் மேல் தண்ணீர் போனால் திரும்பிவிடுங்கள். கைபேசியில் அவசர எண் 112.

சேட்ஸ்வொர்த்_மகள்:
நன்றி. சித்தி வீடு சமதரையில்தான் இருக்கிறது, பாட்டிக்கு அங்கே இடம் கேட்டுவிட்டேன். சுவரில் ஓட்டையே இல்லை அண்ணா. நாமே போடலாமா, பொறியாளரைக் கூப்பிட வேண்டுமா?

மேட்டுத்தெரு_அண்ணன்:
மண் ஏற்கெனவே சரிந்திருக்கிறது, பொறியாளர் பார்க்காமல் துளை போடாதீர்கள்.